அரிசி நெறஞ்சிருச்சு

காப்பகத்தில் சோறாக்குகிற அக்காவிடம் ‘இருக்கா?’ என்று எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான் நேராக வரும். இருந்தால் ‘இருக்கு’ என்பார். இல்லாதபோதுதான் வேடிக்கை. உப்பு தீர்ந்த அன்று, “உப்பு நெறஞ்சிருச்சு டீச்சர், வாங்கணும்” என்பார். கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டால், “காலையில வெள்ளனே ஒண்ணு வரும்” என்பார். நான் வருகைப் பதிவுக்குப் பெயர் வாசிப்பேன். வராத பிள்ளையின் பெயர் வந்ததும் அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும்: “நாளைக்கு வருவான்.” ஒருநாள் பாதிப் பிள்ளைகளுக்குச் சளியும் காய்ச்சலும். அன்று அந்தக் குரல் ‘நாளைக்கு வருவான், நாளைக்கு வருவா’ என்று பாட்டு மாதிரி வந்துகொண்டே இருந்தது. வந்திருந்த பிள்ளைகளும் கூடவே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டன.

“நான் டீச்சர் இல்லக்கா, திட்ட ஒருங்கிணைப்பாளர்” என்று சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொன்னேன்.

“எதுக்கு டீச்சர் அப்படிச் சொல்றீக? நல்ல சோலிதானே அது” என்றார் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அங்கே வேலை பார்த்தவரைக்கும் நான் டீச்சர்தான்.

கொடைக்கானல் மேல்மலையில், பஸ் நிற்கிற போளூரையும் தாண்டி, ஜீப் மட்டும் போகிற மண்பாதையின் முடிவில் இருந்தது அந்த ஊர். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. பெண்கள் எல்லோரும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நடக்கத் தெரிந்தும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை என்ன செய்வது? முன்பெல்லாம் வரப்பில் உட்கார வைத்துவிட்டு, மருந்து அடிக்கிற பக்கத்திலேயே வேலை பார்த்திருக்கிறார்கள். சிலர் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எங்கள் தொண்டு நிறுவனம் அங்கே ஒரு காப்பகம் நடத்தியது. ஒரு அறை, ஒரு அடுப்படி, மதியம் சுடுசோறு. சோறுதான் காப்பகம். சோறு போடவில்லை என்றால் எந்தத் தாயும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டாள். அந்தச் சோற்றுக்கான மானியம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையிலிருந்து வருடாவருடம் வந்தது. சோறு ஆக்கியது அக்கா. கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாக எழுதியது நான்.

நான் கன்னிவாடிக்காரி. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் ‘நெறஞ்சிருச்சு’ என்றுதான் அம்மா சொல்வாள். அரிசிக்கும் குங்குமத்துக்கும் மட்டும் அந்தச் சலுகை. எண்ணெய் தீர்ந்தால் தீர்ந்துபோச்சு, கேஸ் தீர்ந்தால் அப்பாவுக்குத் திட்டு. அக்காவோ அந்த வழக்கத்தை உலகம் முழுவதற்கும் விரித்துவிட்டவர். அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. விளக்கை அணைக்க மாட்டார், குளிரவைப்பார். அடுப்பை அவிக்க மாட்டார், அமத்துவார். அடுப்புக்கு மேலே புகை படும்படி விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார். அதற்கு முன்னால் நின்று கெட்ட வார்த்தை பேசினால் அடுத்த வெள்ளாமை முளைக்காது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எது கெட்ட வார்த்தை என்று கேட்டேன். சிரித்தாரே தவிர அதைச் சொல்லவில்லை.

முதல் மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. சாமான் ஜீப் வரவில்லை. நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அக்கா ஒரு ஏனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “மதினி, பிள்ளைக பான நெறஞ்சிருக்கு” என்பார். உள்ளே இருப்பவர் வெளியே வந்து, “அப்படியா, நல்லாருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஒரு படி அரிசியைப் போடுவார். கேட்டவருக்கும் கூச்சமில்லை, கொடுத்தவருக்கும் பெருமையில்லை. ஏதோ நல்ல சேதி சொல்லிவிட்டுப் போவது போல நாங்கள் தெருவைச் சுற்றி வந்தோம். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. அன்றைக்கே அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. எனக்கு எல்லாமே அப்படித்தான். பார்த்த உடனே எழுத வேண்டும், எழுதிய உடனே யாருக்காவது அனுப்ப வேண்டும்.

அக்காவின் கணவரைப் பற்றியும் அந்தப் பரபரப்பில்தான் கேட்டேன். பணியாளர் குடும்ப விவரம் எடுக்க வேண்டியிருந்தது. “தாண்டிக்குடியில சோலியா இருக்காரு” என்றார். காப்பித் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறாராம். எப்போது வருவார் என்று கேட்டேன். “சோலி முடியணும்ல” என்றார். நெற்றியில் எப்போதும் ஒரு பெரிய குங்குமப் பொட்டு, அடுப்பு வேர்வையிலும் கலையாமல் இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது பக்கத்து வீட்டு மதினி பாதையில் என்னை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அந்த ஆளுக்குத் தாண்டிக்குடியில் வேறு வீடு, வேறு பெண், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். கல்யாணமான கையோடு போனவர், திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கே தெரியும். அக்கா மட்டும் ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் அவர் சோலியாகத்தான் இருந்தார்.

அறக்கட்டளையிலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்ததும் எங்கள் டைரக்டர் சாருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. நல்ல மனிதர், ஆனால் ‘விசிட்’ என்ற சொல்லைக் கேட்டால் குழந்தையாகிவிடுவார். ஊர்க்காரர்களுக்கு வேறு வகையான பரபரப்பு. நம்மைத் தேடிச் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவர் விருந்தாளி. அவருக்கு இருப்பதில் நல்லதைக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பிள்ளைகளுக்குத் திருவிழாச் சட்டை. யாரோ ஒருவர் தன் வீட்டுப் புது மிக்ஸியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார், சும்மா பார்வைக்கு.

வந்தவர் சாதுவான இளைஞர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழம் மாதிரி வெளுத்து இறங்கினார். அக்கா அவருக்குப் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்ததும் ஆளுக்கு நிறம் வந்தது. டைரக்டரும் நானும் வெளியே கழிப்பறைக் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தோம். அது சரியாக அந்த நேரத்தில்தான் கழன்று விழுந்திருந்தது. அவர் தன் டேப்லெட்டோடு அடுப்படிக்குப் போய் அக்காவிடம் பேசியிருக்கிறார். என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கிளம்பும்போது அவர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா” என்றார். நாங்கள் பூரித்துப்போனோம்.

அறிக்கை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உணவுப் பொருட்கள் எல்லாம் தேவைக்கும் அதிகமாக இருப்பில் உள்ளன, பணியாளரே நேரில் உறுதி செய்தார், ஆகவே அடுத்த ஆண்டிலிருந்து உணவுக்கான பங்கு இதைவிடத் தேவை அதிகமுள்ள வேறொரு ஊருக்குத் திருப்பப்படும். அடியில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பாராட்டும் இருந்தது.

டைரக்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மேலே போனேன்.

“சரியாத்தானே டீச்சர் சொன்னேன்” என்றார் அக்கா. “அரிசி எப்படிம்மா இருக்குன்னாரு. நெறஞ்சிருக்குங்கன்னேன். பருப்புன்னாரு. அதுவும் நெறஞ்சிருச்சுன்னேன். எண்ணெய்னாரு. அதுவுந்தான்னேன். தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கிட்டாரு. புரிஞ்சவுக மாதிரிதான் இருந்துச்சு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. நான் அறிக்கையில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சிரிப்பு முதலில் நின்றது, அப்புறம் என்னுடையது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. அக்கா எழுந்துபோய்ச் சோற்றைக் கிளறினார். முதுகைக் காட்டிக்கொண்டே, “அப்ப பிள்ளைக?” என்றார்.

நாங்கள் விளக்கம் எழுதினோம். அந்த வழக்கத்தைப் பற்றி நான் உற்சாகமாக ஒரு பக்கத்துக்கு எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. அறக்கட்டளையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. விளக்கம் சுவாரஸ்யமாக இருந்தது, ஆனால் கோப்பில் இருப்பது பணியாளரின் வாக்குமூலம். அதே பணியாளர் வேறுவிதமாக நேரில் சொன்னால், அதை வீடியோவில் பதிவு செய்து மறுபரிசீலனைக்கு வைக்கலாம்.

ஆக, அக்கா ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் பழக்குவதற்கு டைரக்டர் என்னை அனுப்பினார். “நீதான்மா அவங்களோட நல்லா க்ளோஸ். ஒரு சின்ன டிரெய்னிங் மாதிரி குடுத்துடு” என்றார். நானும் துள்ளிக்கொண்டு போனேன். சமூகப்பணிப் படிப்பில் கற்ற வித்தை எல்லாம் கையில் இருந்தது. நடித்துக் காட்டுவது, கேள்வி பதில், படிப்படியாகக் கூச்சம் போக்குவது.

அக்கா சாயங்காலங்களில் வீட்டு வாசலில் பூண்டுத் தாள் வெட்டிக்கொண்டிருப்பார். மதினியும் அரிவாளோடு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டேன்.

“நான்தான் சென்னை சார். நீங்க நீங்களாவே இருங்க. அரிசி எவ்வளவும்மா இருக்கு?”

“வாங்க சார், காப்பி குடிக்கிறீகளா?”

“அக்கா, அரிசி.”

“வந்தவுகள ஒக்காரக்கூட வைக்காம அரிசிக் கதையா பேசுவாக?”

மதினி விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி தொடங்கினோம். காப்பி குடித்தாயிற்று, உட்கார்ந்தாயிற்று, வீட்டில் எல்லோரும் சுகம், இப்போது அரிசி. அக்கா என் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. “வாங்கணுங்க” என்றார்.

அது போதாது என்றேன். வாங்கணும் என்றால் வாங்கப் போகிறோம் என்று எழுதிக்கொள்வார்கள்.

“கொஞ்சமா கெடக்குன்னு சொல்லட்டா?”

கிடக்கிறது என்றாலே இருக்கிறது என்றுதான் அர்த்தமாகும் என்றேன்.

“என்ன டீச்சர் இது. அவுகளும் தமிழ்க்காரவுகதானே? அவுக அம்மா வீட்டுல அரிசி நெறஞ்சா எப்படிச் சொல்லுவாக?”

அவர்கள் வீட்டில் போனில் சொன்னால் கடைக்காரன் கொண்டுவந்து போட்டுவிடுவான், தீருவதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப அவுகளுக்கு அந்தப் பேச்சே தேவப்பட்டிருக்காது. பாவம், அவுகளக் குத்தம் சொல்லி என்ன” என்றார்.

மதினிக்குப் பொறுமை போய்விட்டது. “இவகிட்ட அரிசியக் கேட்டா எப்படி வரும் டீச்சர்? தாண்டிக்குடிக்காரர எங்கன்னு கேளுங்க. அப்பவாச்சும் வாய் தொறக்குறாளான்னு பாப்போம்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். அக்காவின் கை நின்றது. அப்புறம் அடுத்த பூண்டை எடுத்து, தாளை ஒட்ட வெட்டி, கூடையில் போட்டுவிட்டு, “சோலியா இருக்காரு” என்றார். மதினி குனிந்து தன் பூண்டை வெட்ட ஆரம்பித்தார். நான் காகிதங்களை அடுக்குவது போல எதையோ செய்துகொண்டிருந்தேன். காறித் துப்பக் கற்றுக்கொடு என்று என்னை ஒரு கோயிலுக்குள் அனுப்பிவைத்தது மாதிரி இருந்தது. என்ன செய்வது, போய்விட்டேனே. துள்ளிக்கொண்டு வேறு.

“சொன்னாத்தான் குடுப்பாகளா?” என்று கேட்டார் அக்கா, நான் எழுந்தபோது.

“ஆமாக்கா.”

“பானையத் தொறந்து காட்டுனா?”

“காட்டுனாப் பத்தாதாம். வாயால சொல்லணுமாம்.”

அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அடுப்பு எரியுறப்ப வராது டீச்சர்” என்றார். சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அதை மட்டும் கவனித்துவிட்டு, வெற்றி என்று டைரக்டருக்குச் செய்தி அனுப்பினேன்.

மறு ஆய்வுக்கு அதே இளைஞர்தான் வந்தார். இந்தமுறை வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் காப்பகத்தில், அக்கா பாஷையில் சொன்னால், எல்லாம் நிறைந்துபோயிருந்தது. ஊரார் போட்ட அரிசியில்தான் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அடுப்படிக்குள் போய் போனை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். அக்கா அவரிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னார். பிள்ளைகளை மதினியோடு மேல் தோட்டத்துக்கு அனுப்பினார். பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்தார். தீயை இழுத்து, சாம்பலைப் போட்டு அமத்தினார். கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். காப்பகத்தைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, பாதை திரும்புகிற இடம்வரைக்கும் போனார். இதற்குமேல் ஊர் கிடையாது. டைரக்டரும் அந்த இளைஞரும் நானும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனோம்.

“இங்க வச்சுச் சொல்றேன். கேளுங்க சார்” என்றார்.

அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரிசி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

“அரிசி இல்ல” என்றார் அக்கா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “பருப்பு இல்ல. எண்ணெய் இல்ல.”

நான் பழக்கியது அவ்வளவுதான். அங்கே முடிய வேண்டும். நான் மூச்சு விட்டேன். ஆனால் அக்கா நிறுத்தவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் வந்தது.

“காஞ்ச வெறகு இல்ல. மழ பெஞ்சா பாத இல்ல. காச்சல் வந்தா டாக்டரு இல்ல. போன மழையில கீழ் வீட்டுப் பிள்ளயத் தூக்கிட்டு ஓடுனோம், பாதியிலயே அது இல்ல.” அவர் எங்களைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துப் பேசினார். “எனக்குப் பிள்ள இல்ல. புருசன் இல்ல. இம்புட்டு வருசமா இல்ல.”

அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார். டைரக்டரும் நானும் தரையைப் பார்த்தோம். போனைப் பிடித்திருந்தவர் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவரைத் தப்பாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மானியம் திரும்ப வந்தது. முன்பைவிட அதிகமாகவே வந்தது, வாரம் ஒருமுறை முட்டையும் சேர்த்து. டைரக்டர் அலுவலகத்தில் பேக்கரி கேக் வெட்டினார். நானும் ஒரு துண்டு தின்றேன்.

சில மாதம் கழித்து அறக்கட்டளையின் ஆண்டு மலர் வந்தது. பளபளப்பான தாள். நடுப்பக்கத்தில் அக்கா, பாதை திரும்புகிற அந்த இடத்தில், வாயைப் பொத்திய கையோடு. பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி. கணவரை இழந்தும் மனம் தளராமல் மலைக் குழந்தைகளின் பசி தீர்க்கும் விதவைத் தாய்.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புருசன் இல்லை என்றால் அவர்களுக்கு அதுதானே அர்த்தம். யாருக்கும் அதுதான் அர்த்தம். ‘நெறஞ்சிருக்கு’ என்றதை இருப்பதாக எடுத்துக்கொண்டவர்கள், ‘இல்லை’ என்றதை இறந்ததாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முறையும் அவர்கள் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

டைரக்டரிடம் ஓடினேன். உடனே எழுதித் திருத்தச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“என்னன்னு எழுதுவம்மா? முதல்ல நெறஞ்சிருக்குன்னோம், அதுக்கு அர்த்தம் இல்லைன்னு லெட்டர் போட்டோம். இப்ப இல்லைன்னு சொல்லிட்டு, அதுக்கு அர்த்தம் தாண்டிக்குடியில இருக்காருன்னு லெட்டர் போடுவோமா? நம்மள என்னன்னு நெனைப்பாங்க? அடுத்த மாசம் அறங்காவலர்களே நேர்ல வர்றாங்க, அந்தம்மாவைப் பாக்கணும்னு.”

எதற்கும் சட்டென்று ஒரு யோசனை சொல்லிவிடுகிறவள், அன்றைக்கு அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சம்பளமும் அந்த மானியத்தில்தான் இருந்தது என்பதை இரண்டு பேரும் பேசவில்லை.

மலரை அக்காவிடம் காட்டாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அறங்காவலர்கள் வந்து அவர் முன்னால் அதைப் பிரிப்பார்கள். அதைவிட நான் காட்டுவது மேல். கொண்டுபோனேன். அக்கா அஞ்சாவதுவரை படித்தவர். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். ஒரு சொல் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“படம் நல்லா விழுந்திருக்கு” என்றார் கடைசியில்.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை.

“இதச் சரி பண்ணச் சொன்னா, அரிசி நிக்குமா டீச்சர்?”

“தெரியலக்கா.”

அக்கா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சொல்ல முடியாததை வேறு சொல்லில் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியாதா என்ன. என் பதிலின் அர்த்தம் அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. மலரை மூடி, ஈரம் படாமல் ஒரு துணியில் சுற்றி, என்னிடமே கொடுத்தார். வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை.

அறங்காவலர்கள் வந்த காலையில் பனிமூட்டம் கலையவில்லை. நான் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். முதலில் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இருட்டு நிறச் சேலை. தாலிக்கயிறு ரவிக்கைக்குள் போயிருந்தது. நெற்றியில் வருடக்கணக்காகப் பொட்டு இருந்த இடம், மற்ற இடத்தைவிட வெளுப்பாக, வட்டமாகத் தெரிந்தது. மதினி தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். குடத்தை அப்படியே வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

“யாரு சொன்னாக்கா உங்கள?” என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? வெரசா அந்தத் தட்டுகளக் கழுவுங்க, வந்துருவாக” என்றார்.

வந்தார்கள். வயதான அம்மாள் ஒருவர், அறக்கட்டளையில் பெரிய பொறுப்பில் இருப்பவர், அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கணவர் இல்லையாம். தானும் அந்த வேதனையை அனுபவித்தவள் என்று தழுதழுத்தார். “தைரியமா இருங்கம்மா, நாங்க இருக்கோம்” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. அக்கா, “சரிங்கம்மா, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். எல்லோரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா பரிமாறினார். டைரக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. புகைப்படங்கள் எடுத்தார்கள். மானியம் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தொடரும் என்று அந்த அம்மாள் அங்கேயே அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டின. கை தட்டச் சொல்லியிருந்தது நான்தான்.

ஜீப் சத்தம் தூரமாகப் போய், கடைசி வளைவில் அடங்கியது. அக்கா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டார். இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சிமிழை எடுத்துத் திறந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். காப்பகத்தில் கண்ணாடி எதையும் நாங்கள் வைத்திருக்கவில்லை, பிள்ளைகள் உடைத்துவிடும் என்று.

“டீச்சர், உங்க போன்ல முகம் தெரியுமே, அதக் கொஞ்சம் காட்டுங்க.”

நான் கேமராவை என் பக்கமாகத் திருப்பிவிட்டேன். திரையில் முதலில் என் முகம்தான் வந்தது. அதை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா குனிந்து, நெற்றியில் அந்த வெளுத்த வட்டத்தைத் தேடி, மோதிர விரலைக் கொண்டுபோனார். திரையில் முகம் ஓரிடத்தில் நிற்காமல் ஆட, விரல் நழுவியது. போனுக்கு மேலாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கை ஆடாமப் பிடிங்க டீச்சர்” என்றார்.